ஏழாவது கை

பதவியில் இருக்கிற மனுஷன் தானாக முன்வந்து பதவியை விடுகிறேன் என்றால், கேட்கிறவர்கள் கைதட்டுவதற்கு முன்னால் அவருக்குப் பின்னால் ஒரு பார்வை பார்ப்பார்கள், யார் துரத்திக்கொண்டு வருகிறார்கள் என்று. அன்றைக்கு நகரசபைக் கூட்டத்தில் சேர்மன் எழுந்து, "நம்ம சபையைக் கலைச்சிட்டு, ஊரைப் பக்கத்து மாநகராட்சியோட சேர்த்துடலாம்னு ஒரு தீர்மானம் கொண்டு வர்றேன்" என்று சொன்னபோது, பேக்கரிக்காரம்மாவும் அப்படித்தான் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே சுவரும், சுவரில் பழைய சேர்மன்களின் படங்களும்தான் இருந்தன.

மேஜையைச் சுற்றி ஏழு பேர். மற்ற ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சேர்மன் நாற்காலியை விட்டு எழுந்து கைகழுவப் போவதற்கே யோசிக்கிற ஆள். ஊரில் புதிதாகத் தெருவிளக்கு போட்டால் அது எரிகிறதா என்று பார்ப்பதற்கு முன் தன் பெயர் அடியில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலைந்து அவரை யாரும் கண்டதில்லை. அப்படிப்பட்டவர் நாற்காலியை மட்டுமல்ல, நாற்காலி போட்டிருக்கிற கட்டடத்தையே வேண்டாம் என்கிறார்.

"அவங்க பக்கம் தீர்மானம் போட்டாச்சு. நாம போட்டா அந்த நிமிஷமே அமலுக்கு வந்துடும். அப்புறம் ரெண்டு பக்கமும் பின்வாங்க முடியாது. மாசக் கடைசியில ஓட்டெடுப்பு. யோசிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். காரணம் கேட்டதற்கு, சின்ன ஊரால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை, ரோடு, விளக்கு, குடிதண்ணீர் எல்லாம் பெரியவர்கள் கையில் போனால்தான் விடியும் என்று பொதுப்படையாக ஏதேதோ சொன்னார். சொல்லும்போது பேக்கரிக்காரம்மாவின் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

அதுதான் அவளுக்கு உறுத்தியது. அவர் அவளுக்கு வெறும் சேர்மன் இல்லை, சம்பந்தி. அவருடைய ஒரே மகள்தான் அவளுடைய மகனைக் கட்டிக்கொண்டு, பேக்கரிக்கு மேலே இருக்கிற வீட்டில் இவர்களோடு குடியிருக்கிறாள். ஒரு கல்யாண வீட்டில் பந்தி எப்படிப் போகிறது என்பதைக்கூட சம்பந்தியிடம் ரகசியமாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மனுஷர், ஊரையே கலைக்கிற விஷயத்தை ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை.

படியிறங்கும்போது டெய்லர் வந்து ஒட்டிக்கொண்டார். அவரும் கவுன்சிலர்தான். அடுத்த சேர்மன் தான்தான் என்று அளவெடுத்து, துணி வெட்டி, தைப்பதற்கு மட்டும் காத்திருந்தவர்.

"அக்கா, எலி தானா வந்து பூனைக்குப் பொண்ணு குடுக்குது. ஏதோ உள்குத்து இருக்கு."

"எனக்கு என்னப்பா தெரியும்?"

"உங்க சம்பந்தி, உங்களுக்குத் தெரியாதா?" டெய்லர் ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கினார். "அவர் பக்கம் அவரோட சேர்ந்து மூணு. என் பக்கம் என்னோட சேர்ந்து மூணு. நடுவுல நிக்கிறது நீங்க. சீக்கிரம் சொல்லிடுங்க, எந்தப் பக்கம்னு. இல்லன்னா நாங்களே ஒண்ணு நினைச்சுக்குவோம்."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் முழங்கை வரை மாவோடு நின்றுகொண்டிருந்தார். பேசப் பிடிக்காத விஷயம் என்றால் அவருக்குக் காது கேட்காது.

"என்னங்க, உங்களைத்தான். அவர் எதையோ மறைக்கிறார்."

"நீ யாரைத்தான் நம்பியிருக்கே? மாவு பொங்கலைன்னா ஈஸ்ட்டைச் சந்தேகப்படுவே, பொங்கிட்டா என்னைச் சந்தேகப்படுவே."

"நெருப்பில்லாம புகையுமா?"

"நம்ம கடையில எந்நேரமும் புகையுது. அதுக்கெல்லாம் நான் பயந்துட்டா இருக்கேன்?"

அவரோடு பேசிப் பயனில்லை என்று அவளே துப்புத் துலக்கப் புறப்பட்டாள். முதலில் நிலம். ஊர் பெரிய ஊரோடு சேர்ந்தால் ஓரத்து நிலமெல்லாம் விலை ஏறும். சம்பந்தி வளைத்துப் போட்டிருப்பாரோ? தினமும் காலையில் பன் வாங்க வருகிற வீட்டுப் புரோக்கரிடம் நைசாகக் கேட்டாள். "சேர்மனா? இருக்கிற தோட்டத்தையே விக்கலாமான்னு கேட்டுட்டுப் போனாரு" என்றார் அவர். அது இன்னும் குழப்பியது. விற்கிறவன் ஏன் விலை ஏறுவதற்கு முன்னால் விற்கிறான்? பிறகு பதவி. பெரிய ஊரில் ஏதாவது பெரிய நாற்காலிக்கு வாக்குக் கொடுத்திருப்பார்களோ? பெரிய ஊரில் பஸ் பட்டறையில் வேலை பார்க்கிற மகனிடம் விசாரிக்கச் சொன்னாள். "அம்மா, அவரை அங்க யாருக்கும் தெரியக்கூட தெரியாது" என்று அவன் சிரித்தான்.

அப்புறம்தான் சம்பந்தி வீட்டுக்கே போனாள். மருமகளுக்கு ஆறு மாதம். சம்பந்தியம்மாவுக்குப் பிடிக்குமே என்று பிஸ்கட் கொண்டுபோகிற சாக்கு இருந்தது. மருமகள் தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரில் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு பெரிய துணிப்பையோடு திரும்புவாள். அன்றைக்கு இவள் முந்திக்கொண்டாள்.

சேர்மன் வீட்டில் இல்லை. சம்பந்தியம்மா வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசுகிற மாதிரி பேசி, பிறகு நினைவு வந்தவளாக, "உள்ள வாங்க அண்ணி" என்றாள். பிஸ்கட் டப்பாவை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் அலமாரியின் உச்சியில் வைத்தாள். முன்பெல்லாம் இவள் உட்காருவதற்குள் ஒன்றை எடுத்துக் கடித்திருப்பாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க."

சம்பந்தியம்மா சமையலறைக்குப் போனாள். குழாயடியில் தண்ணீர்ப் பானை கண்ணுக்கெதிரே இருந்தது. அதைத் தொடப் போன கை பாதியில் நின்றது. அவள் திரும்பி, படுக்கையறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள்.

படுக்கையறையில் எதற்குத் தண்ணீர்? பேக்கரிக்காரம்மா டம்ளரை வாங்கி உதட்டில் வைத்தாள். சப்பென்று இருந்தது, எங்கேயோ குடித்த தண்ணீர் போல. எங்கே என்று வீட்டுக்குப் போகும் வழியில் ஞாபகம் வந்தது. தன் வீட்டில்தான். கொஞ்ச நாளாகத் தன் வீட்டுத் தண்ணீரும் இப்படித்தான் உப்பில்லாமல், உயிரில்லாமல் இருந்தது. புருஷனிடம் சொன்னபோது, "உன் நாக்குக்கு வயசாயிடுச்சு" என்றிருந்தார்.

சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு நூல் கிடைத்தால் போதும், சேலையே நெய்துவிடுவார்கள். அம்மா வீட்டில் அறைக்குள் வைத்து எதையோ கலக்குகிறார்கள். மகள் அதைத் துணிப்பையில் கொண்டுவந்து இங்கே கலக்குகிறாள். எதற்கு? தன் ஓட்டு அவர்களுக்கு வேண்டுமே, தன் மனசை மாற்றுவதற்கா? நினைக்கும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நினைத்துவிட்டால் நினைத்ததுதான். அன்றிலிருந்து அவள் மேல்வீட்டுப் பானையில் வாய் வைக்கவில்லை. தாகம் எடுத்தால் கீழே இறங்கி, பேக்கரிக் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து வயிறு நிறையக் குடித்தாள். இது என் தண்ணி, இதில் யாரும் கைவைக்க முடியாது என்று ஒரு நிம்மதி.

ஒருநாள் காலை, ரொட்டி அடுக்கை முடித்துவிட்டு, செருப்பைப் படியடியிலேயே கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் மேலே ஏறினாள். சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. மருமகள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் பானையைச் சாய்த்து, இருந்த தண்ணீரையெல்லாம் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள். பிறகு துணிப்பையிலிருந்து ஒரு பாட்டில், இன்னொரு பாட்டில், இன்னொன்று என்று எடுத்துப் பானையில் ஊற்றினாள்.

"என்னம்மா ஊத்தறே?"

மருமகள் கையிலிருந்த பாட்டில் நழுவித் தரையில் உருண்டது.

"தண்ணி அத்தை."

"தண்ணியைக் கொட்டிட்டுத் தண்ணி ஊத்தறியா? எனக்குக் காது குத்தியாச்சும்மா. உண்மையச் சொல்லு. என்ன கலந்திருக்கு இதுல?"

"இதுல ஒண்ணும் கலக்கல அத்தை." அவள் முகம் கோணிக்கொண்டது. "அதுலதான் கலந்திருக்கு."

விரல் குழாயைக் காட்டியது. அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதாள். பேக்கரிக்காரம்மா முதலில் நின்றபடியே கேட்டாள். பாதியில் அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய ஊர் டாக்டரம்மா எந்தத் தண்ணீர் குடிக்கிறாய் என்று சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு மடியில் கனம் இருந்ததால் மனசு கேட்கவில்லை. ஊருக்குத் தெரியாமல் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார். குரோமியம் என்கிற விஷமாம். பாத்ரூம் குழாய்களுக்கு முலாம் பூசுகிற பட்டறை ஒன்று ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நடந்து, இரண்டு வருஷத்துக்கு முன் மூடிப் போனது. அவர்கள் கழிவை எல்லாம் கைவிட்ட கிணற்றில் இறக்கியிருக்கிறார்கள். அது மண்ணுக்குள் ஊறி, ஊருக்குத் தண்ணீர் எடுக்கிற ஆழ்குழாய் வரை வந்துவிட்டது.

"காய்ச்சினாலும் போகாதாம் அத்தை. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டார். உங்க பிள்ளைகிட்டகூட சொல்லல. என்னை மட்டும் குடிக்காதேன்னார். நீங்க எல்லாரும் என் கண்ணு முன்னாடி அதைக் குடிக்கிறீங்க, நான் எப்படி அத்தை பாத்துட்டு இருப்பேன்? அதான் அம்மா வீட்டுல கேன்ல வர்ற தண்ணிய…"

வயிற்றுப்பிள்ளைக்காரி, பை நிறையத் தண்ணீரைச் சுமந்து மாடிப்படி ஏறியிருக்கிறாள். அந்தத் தண்ணீரைச் சந்தேகப்பட்டு, இவள் கீழே போய் குழாய்த் தண்ணீரை வயிறு முட்டக் குடித்திருக்கிறாள். பேக்கரிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. மருமகளின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கீழேயிருந்து மாவு பிசைகிற மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

அவள் படியில் விழுந்தடித்து இறங்கினாள். புருஷன் மாவுத்தொட்டியில் வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் சுவரில் இருந்த ஸ்விட்சை அடித்தாள். மெஷின் நின்றது.

"என்ன, பைத்தியமா?"

"ஷட்டரை இறக்குங்க. காலையில போட்டது எவ்வளவு மிச்சம்? எல்லாத்தையும் உள்ள எடுங்க. யாருக்கும் ஒரு துண்டு குடுக்கக்கூடாது."

விஷயத்தைக் கேட்ட பிறகு அவர் ஷட்டரை இறக்கிவிட்டு வந்தார். இந்தத் தடவை காது நன்றாகவே கேட்டிருந்தது. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அத்தனையும் நம்ம பன்னைத்தானே…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் மாவுக்கையைத் துண்டில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சேர்மன் வீட்டு முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாங்க சம்பந்தி, வாங்க" என்று எழுந்தார்.

"ரெண்டு டம்ளர் தண்ணி கொண்டு வரச் சொல்லுங்க. அறைக்குள்ள இருக்கிறது வேண்டாம். குழாய்த் தண்ணி. உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் சேர்ந்து குடிப்போம்."

அவர் பேப்பரை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"பாப்பா சொல்லிட்டாளா?"

"ரெண்டு மாசமா உங்க வீட்டுல என் கடை ரொட்டி வாங்கலை. உங்களுக்குச் சக்கரை வியாதி வந்துடுச்சோன்னு நான் கவலைப்பட்டேன் சம்பந்தி. எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"சொன்னா நீங்க கடையை மூடியிருப்பீங்க. கடையை மூடினா ஊர் ஏன்னு கேக்கும். ஊருக்குத் தெரிஞ்சா பக்கத்து ஊருக்குத் தெரியும். கெட்டுப்போன தண்ணிய யாரு தலையில தூக்கி வச்சுக்குவாங்க? மறுநாளே தீர்மானத்தை வாபஸ் வாங்கிடுவாங்க." அவர் குரல் இறங்கியது. "நம்ம சபையால புதுசா குழாய் கொண்டுவர முடியாது சம்பந்தி. பத்து வருஷம் ஆகும். அவங்க எல்லையில நாம சேர்ந்துட்டா, தண்ணி குடுத்தே ஆகணும். சட்டம் அது. வேற வழி இல்ல. நான் நல்லது நினைச்சுத்தான்…"

"பட்டறைக்கு அனுமதி குடுத்தது யாரு?"

அவர் மடித்த பேப்பரைக் கீழே வைத்தார்.

"கிணத்தைப் போய்ப் பாத்தீங்களா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி?"

"கூடப் படிச்சவன். நம்பினேன்."

"சபை போச்சுன்னா, சபையில யார் என்ன செஞ்சாங்கன்னு கேக்கறதுக்கும் ஆள் இல்லாம போயிடும். அதுவும் உங்க கணக்குல இருந்ததா, இல்லையா?"

சேர்மன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "இருந்தது" என்றார். "ஆனா அது மட்டும் இல்ல."

அவளுக்கு அந்தப் பதிலை நம்பலாம் போலவும் இருந்தது, நம்பக்கூடாது போலவும் இருந்தது. முழுக்கத் திருடனாக இருந்தால் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தெருவில் நிறுத்தியிருப்பாள். முழுக்க நல்லவனாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். இவர் இரண்டும் கெட்டான்.

"மாசக் கடைசி வரைக்கும் ஊர் அதைக் குடிக்க முடியாது" என்றாள். "இன்னிக்கே அவசரக் கூட்டம் கூட்டுங்க. சாயங்காலத்துக்குள்ள. நான் உங்களுக்குக் கை தூக்கறேன். தீர்மானம் பாஸ் ஆனதும், அதே இடத்துல, ஜனங்க முன்னாடி நீங்க எல்லாத்தையும் சொல்லணும். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். அப்ப சம்பந்தின்னு பாக்கமாட்டேன்."

"பாப்பாவுக்காகவாவது…"

"அவளுக்காகத்தான்."

பேக்கரி பட்டப்பகலில் மூடியிருந்தால் உள்ளே சாவு விழுந்திருக்கிறது என்றுதான் ஊர் நினைக்கும். ஷட்டர் முன்னால் நின்று தட்டிப் பார்த்தவர்களுக்குப் பதில் இல்லை. இந்தப் பக்கம் கடை மூடல், அந்தப் பக்கம் அவசரக் கூட்டம் என்றதும் ஊருக்குள் ஆளுக்கொரு கதை கிளம்பியது. ஊரையே யாருக்கோ எழுதிக் கொடுக்கப்போகிறார்கள் என்றார் ஒருவர். சம்பந்திகள் இரண்டு பேரும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பப்போகிறார்கள் என்றார் இன்னொருவர். நாலு மணிக்குக் கூட்ட அறையில் நிற்க இடமில்லை. ஜன்னல் கம்பியில்கூட ஆள் தொங்கியது. அவள் புருஷன் மாவுச் சட்டையோடேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "எனக்குக் குரல் எழும்பலைன்னா நீங்க எழுந்து பேசணும்" என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

தீர்மானம் வாசிக்கப்பட்டது. சேர்மன் பக்கத்தில் மூன்று கை எழுந்தது. எதிராக டெய்லர் பக்கத்தில் மூன்று கை. செயலாளர் பேனாவைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். அறையே அவளைப் பார்த்தது.

கை இவ்வளவு கனக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தூக்கினாள். ஆதரவாக.

"பாத்தீங்களா! ரத்தம் வேற, சம்பந்தம் வேறயா? எனக்கு அன்னிக்கே தெரியும்!" டெய்லர் மேஜையில் குத்தினார். பின்னாலிருந்து யாரோ, "எவ்வளவுக்கு வித்தே?" என்று கத்தினார்கள்.

சேர்மன் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். "தீர்மானம் நிறைவேறியது. சபை கலைக்கப்பட்டது. கூட்டம் முடிந்தது" என்று ஒப்பித்தார். செயலாளர் அதை எழுதிக் கோடு போட்டு, பேனாவை மூடினார். சேர்மன் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். கதவு இருக்கிற பக்கம் திரும்பினார்.

ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தாள். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் உட்காருங்க" என்றார் சேர்மன், நின்ற இடத்திலிருந்தே. "உங்க வீட்டுக் குழாய்த் தண்ணியை இனிமே குடிக்காதீங்க. சமைக்காதீங்க. பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க."

கிணறு, பட்டறை, சோதனை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நல்லபடியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். "அந்தப் பட்டறைக்கு அனுமதி குடுத்தது சபைதான்…" என்று வந்ததும் அவள் குறுக்கிட்டாள்.

"சபை இல்ல. நீங்க."

அவர் அவளைப் பார்த்தார். அந்தக் கூட்ட அறையில் அவர் அவளை நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நான்தான்" என்றார்.

அதன்பிறகு நடந்ததைக் கூச்சல் என்று சொன்னால் போதாது. நாற்காலி பறந்தது. போலீஸ்காரர்கள் வந்து சேர்மனைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேக்கரிக்காரம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"உங்க ரொட்டி எந்தத் தண்ணியில செஞ்சது?"

"அதே தண்ணிதாம்மா. எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும். தெரிஞ்சதும் மூடிட்டேன்."

"சம்பந்திக்கு ரெண்டு மாசமா தெரியும். உங்களுக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும்." அந்தப் பெண் கத்தவில்லை. குழந்தையை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட பேக்கரிக்காரம்மாவை இப்போது ஊரே சந்தேகப்பட்டது. அதைக் குற்றம் சொல்ல அவளால் முடியவில்லை. அவர்கள் இடத்தில் அவள் இருந்திருந்தால் இன்னும் நாலு கேள்வி கூடக் கேட்டிருப்பாள்.

பெரிய ஊர்க்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று குதித்தார்கள். ஆனால் தீர்மானம் தீர்மானம்தான். மறுநாளே தண்ணீர் லாரிகள் வரத் தொடங்கின. ஆழ்குழாயை மூடி முத்திரை வைத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் தெருவெல்லாம் தோண்டிப் புதுக்குழாய் பதித்தார்கள்.

விசாரணை அதிகாரி ஒருவர் வந்தபோதுதான் சம்பந்தியின் கெட்டிக்காரத்தனம் முழுசாகப் புரிந்தது. நடவடிக்கைக் குறிப்பில் "கூட்டம் முடிந்தது" என்பதோடு கோடு போட்டிருந்தது. அதற்குப் பிறகு பேசியது எதுவும் சபையில் பேசியது ஆகாது. "நான் அப்படி ஒப்புக்கொண்டதாகப் பதிவு இல்லையே" என்று வக்கீல் மூலம் சொல்லிவிட்டார். வாக்கையும் காப்பாற்றி, தலையையும் காப்பாற்றிக்கொண்ட மனுஷர். கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரில் சாட்சி சொல்ல வாருங்கள் என்றால், ஒருவருக்கு வெளியூரில் வேலை, இன்னொருவருக்குக் கூச்சலில் சரியாகக் கேட்கவில்லை. "நாளைக்கு அவர் பெரிய ஊர்ல செல்வாக்கா இருந்தா?" என்று டெய்லரே பின்வாங்கினார்.

பேக்கரிக்காரம்மா போய்ச் சாட்சி சொன்னாள். "நான்தான்" என்று அவர் சொன்னது வரை, கமா விடாமல் சொன்னாள். அதற்கு முந்தைய நாள் மருமகளிடம் மட்டும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"உன் அப்பாவுக்கு எதிராத்தான் பேசப்போறேன். கோவம்னா இப்பவே சொல்லிடு."

மருமகள் பச்சைக்குழந்தைக்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை. டாக்டரம்மா தலை முதல் கால் வரை பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொன்ன குழந்தை. அவள் கையை நிறுத்தாமல், "கோவம்தான் அத்தை. இருக்கட்டும். நீங்க போயிட்டு வாங்க" என்றாள். அதன்பிறகு பல நாள் தேவைக்கு மேல் பேசவில்லை. ஆனால் பிரிந்து போகவும் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தது. சம்பந்தி பேத்தியைப் பார்க்க வாரம் ஒருமுறை வருவார். பேக்கரிக்காரம்மா டீ போட்டுக் கொடுப்பாள். அவர் குடித்துவிட்டுப் போவார். ஊர் விஷயம் பேசமாட்டார்கள்.

பேக்கரியில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். பாதிப் பேர் வரவில்லை.

புதுத் தண்ணீர் வந்து ஊரே நிம்மதியாகக் குடிக்க ஆரம்பித்த பிறகு, பேக்கரிக்காரம்மாவுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. இது எங்கேயிருந்து வருகிறது? இதை யார் பார்க்கிறார்கள்? முன்பு கேட்பதற்குச் சம்பந்தி வீட்டுக் கதவாவது இருந்தது. ஒருநாள் பஸ் ஏறிப் பெரிய ஊர் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். மூன்று மாடி, எந்த மாடியிலும் முகம் தெரிந்தவர் இல்லை. ஒரு ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண் தலை நிமிராமல், "என்ன வேணும்?" என்றாள்.

"எங்க ஊர்த் தண்ணியை இந்த மாசம் சோதிச்சீங்களா?"

"எந்த ஊரும்மா?"

சொன்னாள்.

"அது இப்ப ஊர் இல்லம்மா, வார்டு. நீங்க யாரு?"

"அங்க குடியிருக்கிறவ."

"அதெல்லாம் ரெகுலரா பண்ணுவாங்க. பயப்படாதீங்க, நம்பிக்கையா போயிட்டு வாங்க."

"நம்பிக்கையெல்லாம் இருக்கட்டும்மா. சோதிச்சவர் யாரோ அவர் வாயால எனக்குச் சொல்லணும்."

"அவர் சாப்பிடப் போயிருக்கார். வர நேரமாகும். அவரைப் பாக்கத்தான் அதோ அவரும் உட்கார்ந்திருக்கார்."

பேக்கரிக்காரம்மா சுவரோரம் இருந்த பெஞ்சைப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் டெய்லர் உட்கார்ந்திருந்தார், கையில் குடையோடு. காலையிலேயே வந்துவிட்டவர் போல முகம் வாடியிருந்தது. இவளைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

அவள் உட்கார்ந்தாள்.